நாய், பூனைப் பல் சிகிச்சைக்கு பெட் இன்சூரன்ஸ் பணம் தருமா?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிறோம். எங்கள் ஷிட்சு நாய்க்கு ஐந்து வயது. வாய் நாற்றம் அடிக்கிறது என்று டாக்டரிடம் காட்டினோம். மயக்க மருந்து கொடுத்துப் பல் சுத்தம் செய்ய வேண்டும், இரண்டு மூன்று பற்களை எடுக்க வேண்டியும் வரலாம் என்று எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார். 1,800 முதல் 2,600 டாலர் வரை போட்டிருக்கிறது. இப்போது பெட் இன்சூரன்ஸ் எடுத்தால் இதற்குப் பணம் கிடைக்குமா? வீட்டில் நான்கு மாதப் பூனைக்குட்டி ஒன்றும் இருக்கிறது. அதற்கு எடுப்பதில் பயன் உண்டா?

பதில்:

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கையில் இருக்கும் எஸ்டிமேட்டுக்கு, இன்று எடுக்கும் பாலிசியிலிருந்து பணம் வராது. பூனைக்குட்டிக்குப் பயன் உண்டு, தள்ளிப்போடாமல் எடுங்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். பல் சிகிச்சைக்குப் பணம் வருமா என்பதைப் பாலிசிப் பத்திரம் பாதி முடிவு செய்கிறது என்றால், மீதிப் பாதியை உங்கள் டாக்டரின் மருத்துவக் குறிப்பு முடிவு செய்கிறது. வாயைப் பற்றி அவர் முதன்முதலில் என்ன எழுதினார், எந்தத் தேதியில் எழுதினார் என்பதுதான் கேள்வி. நான் இங்கே ஒரு கால்நடை மருத்துவமனையில் பில், க்ளெய்ம் வேலை பார்க்கிறேன். பல் க்ளெய்ம் மறுக்கப்பட்டு வரும்போது, பெரும்பாலும் பழைய குறிப்பில் இருக்கும் ஒற்றை வரியைத்தான் காரணமாகக் காட்டுவார்கள்.

அந்த வரி எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். தடுப்பூசி போடப் போகிறீர்கள். டாக்டர் உதட்டைத் தூக்கிப் பார்க்கிறார். ‘பின்பற்களில் லேசான காரை, ஈறு ஓரம் கொஞ்சம் சிவப்பு’ என்று குறித்துவைக்கிறார். உங்களிடம் வாய்விட்டுச் சொன்னாரோ இல்லையோ, குறிப்பில் ஏறிவிட்டது. எட்டு மாதம் கழித்து இன்சூரன்ஸ் எடுக்கிறீர்கள். இன்னும் ஒரு வருடம் கழித்துப் பல் எடுக்க வேண்டி வருகிறது. முதல் க்ளெய்ம் போட்டதும் கம்பெனி கேட்பது பழைய மருத்துவக் குறிப்புகள் அத்தனையும். அதில் அந்த வரியைப் பார்த்ததும், ஈறு நோயின் அறிகுறி பாலிசிக்கு முன்பே இருந்தது, ஆகவே இது முன்பே இருந்த நோய் என்று எழுதி மூடிவிடுவார்கள். நோய் என்று யாரும் பெயர் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை. அறிகுறி இருந்ததாகப் பதிவாகியிருந்தாலே போதும். உங்கள் விஷயத்தில் அறிகுறி மட்டும் இல்லை, எஸ்டிமேட்டே இருக்கிறது.

சிலர் எங்களிடம் வந்து தேதியை மாற்றிப் போட முடியுமா, அந்த வரியை எடுத்துவிட முடியுமா என்று கேட்பார்கள். கேட்காதீர்கள். அது இன்சூரன்ஸ் மோசடி. டாக்டரின் உரிமமே போகக்கூடும். உங்கள் பாலிசியும் ரத்தாகும், பல்லுக்கு மட்டும் அல்ல, எல்லாவற்றுக்கும். ஆனால் குறிப்பில் உண்மையிலேயே தவறு இருந்தால், வேறொரு நாயின் விவரம் சேர்ந்துவிட்டது போன்ற பிழை என்றால், திருத்தச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. ஆகவே எந்தப் பாலிசி எடுப்பதற்கு முன்பும் மருத்துவமனையில் முழுக் குறிப்பையும் ஒரு பிரதி வாங்கி நீங்களே படித்துப் பாருங்கள். கம்பெனி பார்க்கப்போகிற அதே காகிதத்தை நீங்கள் முதலில் பார்த்துவிடுவது நல்லது.

சரி, இன்சூரன்ஸ் பல்லை எப்படிப் பார்க்கிறது என்பதற்கு வருவோம். ஒரே வாய்தான் என்றாலும் கம்பெனிக்கு அது மூன்று கணக்கு. விபத்து ஒன்று, நோய் ஒன்று, தடுப்புப் பராமரிப்பு ஒன்று. பல் உடைந்தால் விபத்து. ஈறு நோய், வேரில் சீழ், பூனைகளுக்கு வரும் பல் கரைதல் இவை நோய். வருடாந்தரச் சுத்தம் தடுப்பு. விபத்துக்கு மட்டும் உள்ள மலிவான பாலிசியில் முதல் கணக்கு மட்டும்தான் உண்டு. விபத்தும் நோயும் சேர்ந்த பாலிசியில் பல் விபத்து பொதுவாக இருக்கும். பல் நோய் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தடுப்புச் சுத்தம் இந்த இரண்டிலும் இருக்காது. அதற்குத் தனியாக வெல்னஸ் என்று ஒரு சேர்க்கை வாங்க வேண்டும். விளம்பரத்தில் ‘டென்டல் கவரேஜ் உண்டு’ என்று போட்டிருந்தால் மூன்றில் எதைச் சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டும். மக்கள் நினைப்பது மூன்றாவதை. கம்பெனி சொல்வது பெரும்பாலும் முதலாவதை.

விபத்துக் கணக்கில் நாய்களுக்கு அதிகம் மாட்டுவது மேல்தாடையின் பெரிய முன்கடைவாய்ப் பல், அதாவது நான்காவது. கடினமான பொருளைக் கடிக்கும்போது அதன் வெளிப்பக்கம் ஒரு பலகை போலப் பெயர்ந்துவிடும். மான் கொம்பு, மாட்டுக் குளம்பு, நைலான் எலும்பு, ஐஸ் கட்டி இவைதான் வழக்கமான காரணங்கள். எலும்பு கடித்தால் நாய்க்குப் பல் சுத்தமாகும் என்று நம் ஊரில் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். காரை கொஞ்சம் உதிரலாம், ஆனால் கூடவே பல்லும் உடையும். உடைந்த இடத்தில் நரம்புக்கூழ் வெளியே தெரிந்தால் அந்தப் பல்லை அப்படியே விட முடியாது. எடுக்க வேண்டும் அல்லது ரூட் கேனல் செய்ய வேண்டும். நாய் வழக்கம்போலச் சாப்பிடும், வலியைக் காட்டாது. சில மாதம் கழித்துக் கண்ணுக்குக் கீழே வீக்கம் வந்தபிறகுதான் பலருக்கும் தெரியவருகிறது.

இதில் பாலிசிக்குப் பாலிசி நிறைய வித்தியாசம் உண்டு. சில கம்பெனிகள் உடைந்த பல்லை எடுப்பதற்கு மட்டும் பணம் தரும்; ரூட் கேனல், அதன்மேல் மாட்டும் கிரவுன் இரண்டுக்கும் தராது. சில பாலிசிகளில் வெளியிலிருந்து அடிபட்டால்தான் விபத்து. எதையாவது கடித்து உடைத்துக்கொண்டால் அது விபத்தில் சேராது. உங்கள் நாய் எதையும் கடிக்கிற ரகம் என்றால் இந்த ஒரு வரிக்காகவே பாலிசியைத் தேர்வு செய்யலாம். பல் உடைந்ததைப் பார்த்த அன்றே, இல்லாவிட்டால் மறுநாளாவது டாக்டரிடம் காட்டி, எப்போது எதைக் கடித்து உடைந்தது என்பதைக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து வீக்கத்தோடு போனால் குறிப்பில் ‘வேர்ச் சீழ்’ என்றுதான் வரும். அது நோய்க் கணக்கு. விபத்துக் கணக்கில் கிடைத்திருக்க வேண்டிய பணம் அங்கே நின்றுவிடும்.

நோய்க் கணக்குதான் பெரிய செலவு, பெரிய சண்டையும் அங்கேதான். ஈறு நோயை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலையில் ஈறு வீக்கம் மட்டும். சுத்தம் செய்தால் முழுவதும் சரியாகிவிடும். இரண்டாம் நிலையில் பல்லைத் தாங்கும் திசு கால்பங்குக்குள் இழந்திருக்கும். மூன்றாம் நிலையில் கால் முதல் பாதி வரை. பாதிக்கு மேல் போனால் நான்காம் நிலை; அந்தப் பல்லைக் காப்பாற்றுவது அரிது. இந்த நிலையை வெறும் கண்ணால் சொல்ல முடியாது. பல்லின் பெரும்பகுதி ஈறுக்கு அடியில் இருப்பதால் மயக்க நிலையில் அளவுகோல் ஊசியால் ஈறுப் பையின் ஆழத்தை அளந்து, எக்ஸ்ரே எடுத்துத்தான் சொல்ல முடியும். உங்கள் டாக்டர் எஸ்டிமேட்டில் 1,800 என்றும் 2,600 என்றும் இரண்டு எண் போட்டிருப்பது இதனால்தான். எத்தனை பல் போகும் என்பது எக்ஸ்ரே பார்த்தபிறகே அவருக்கும் தெரியும்.

ஷிட்சு மாதிரி தட்டை முகம் கொண்ட சின்ன நாய்களுக்கு இது சீக்கிரமே வரும். சிறிய தாடையில் பெரிய நாய்க்கு உள்ள அதே 42 பற்கள் நெருக்கியடித்து, சில பற்கள் குறுக்காகத் திரும்பி நிற்கும். இடுக்கில் சேரும் அழுக்கு ஓரிரு நாளில் இறுகிக் காரையாகிவிடும். அப்புறம் இந்த இனத்தில் இன்னொன்றும் உண்டு. கீழ்த்தாடையின் முதல் முன்கடைவாய்ப் பல் சில நாய்களுக்கு வெளியே வராமல் எலும்புக்குள்ளேயே தங்கிவிடும். அதைச் சுற்றி நீர்க்கட்டி உருவாகித் தாடை எலும்பையே அரிக்கும். ஒரு பல் குறைவாக இருக்கிறதே என்று தோன்றினால் அங்கே எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். இன்சூரன்ஸ் பார்வையில் இது பிறவிக் கோளாறு. பிறவிக் கோளாறுகளைச் சேர்க்கும் பாலிசியா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். விழாமல் தங்கிய பால்பல்லும், கடி சரியாகப் பொருந்தாத தாடையும் இதே வகையில் பல பாலிசிகளில் வெளியே தள்ளப்படுகின்றன. அழகுக்காகச் செய்வது, பல் வரிசையைச் சீராக்கும் கம்பி, செயற்கைப் பல் பொருத்துவது இவற்றைக் கேட்கவே வேண்டாம்.

பல் நோய் சேர்க்கப்பட்ட பாலிசியிலும் இரண்டு பூட்டுகள் உண்டு. ஒன்று, பல்லுக்கு மட்டும் தனி உச்சவரம்பு. மொத்தப் பாலிசி வருடத்துக்கு 10,000 டாலர் என்று இருக்கும், உள்ளே பல் நோய்க்கு 1,000 டாலர் என்று சின்ன எழுத்தில் இருக்கும். இன்னொன்று, நிபந்தனை. வருடம் ஒருமுறையாவது டாக்டர் வாயைப் பரிசோதித்திருக்க வேண்டும்; அவர் சுத்தம் செய்யச் சொன்னால் குறிப்பிட்ட காலத்துக்குள் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை என்றால் அடுத்து வரும் ஈறு நோய்க்குப் பணம் கிடையாது. இந்த நிபந்தனையை நான் குறை சொல்ல மாட்டேன், நாயின் வாய்க்கும் அது நல்லதுதான். ஆனால் அதன் பொருளைப் புரிந்துகொள்ளுங்கள்: சுத்தம் செய்யும் செலவு உங்களுடையது, அதைச் செய்தால்தான் பின்னால் வரும் நோய்ச் செலவு அவர்களுடையது. ‘அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்’ என்று நீங்கள் சொன்னால் அதுவும் குறிப்பில் பதிவாகும்.

இப்போது ஒரு பில்லை எடுத்துக்கொள்வோம். ஏற்கெனவே பல் நோய் உள்ளடங்கிய பாலிசி ஒருவர் வைத்திருக்கிறார், பழைய குறிப்பும் சுத்தமாக இருக்கிறது என்று வையுங்கள். பில் 2,400 டாலர். அதில் பரிசோதனைக் கட்டணம் 80. காரை நீக்கி மெருகேற்றியது 600. மீதி 1,720 டாலரில் மயக்கத்துக்கு முந்தைய ரத்தப் பரிசோதனை, மயக்க மருந்தும் கண்காணிப்பும், எக்ஸ்ரே, பல் எடுத்தது, மரத்துப்போகும் ஊசி, வலி மருந்து எல்லாம் வரும். பரிசோதனைக் கட்டணத்தைப் பல பாலிசிகள் தருவதில்லை. சுத்தம் செய்தது தடுப்புக் கணக்கு என்று ஒதுக்கிவிடுவார்கள். ஆக 1,720 மட்டும் கணக்கில் எடுக்கப்படுகிறது. டிடக்டிபிள், அதாவது முதலில் நீங்களே ஏற்க வேண்டிய தொகை, 250; திரும்பத் தரும் விகிதம் 80 சதவீதம். முதலில் டிடக்டிபிளைக் கழிக்கும் கம்பெனி என்றால் 1,470-இல் 80 சதவீதம், 1,176 டாலர் வரும். முதலில் சதவீதத்தைப் போட்டு, பிறகு டிடக்டிபிளைக் கழிக்கும் கம்பெனி என்றால் 1,376-இல் 250 போய் 1,126 டாலர். பல்லுக்குத் தனி வரம்பு 1,000 என்றால் இரண்டு கணக்கும் வேண்டாம், 1,000 தான். 80 சதவீதம் தருகிறார்கள் என்ற நம்பிக்கையில் 1,920 எதிர்பார்த்திருந்தவருக்குப் பாதியளவுதான் கைக்கு வருகிறது.

இந்தக் கணக்கில் உண்மையான விவாதம் எங்கே இருக்கிறது என்றால் மயக்க மருந்தில். அதைச் சுத்தம் செய்வதற்காகக் கொடுத்தோமா, பல் எடுப்பதற்காகக் கொடுத்தோமா? பில்லில் ‘டென்டல் பேக்கேஜ்’ என்று ஒரே வரியாக 1,700 டாலர் போட்டிருந்தால், மொத்தத்தையும் தடுப்புக் கணக்கில் தள்ளிவிட கம்பெனிக்கு எளிது. ஒவ்வொன்றும் தனி வரியாக இருந்து, எந்தப் பல்லுக்கு எந்த நிலை நோய் என்ற பல் வரைபடமும் எக்ஸ்ரேயும் கூடவே போனால் நோய்ச் சிகிச்சை என்பது மறுக்க முடியாததாகிறது. இதில் பொய் எதுவும் இல்லை, செய்த வேலையை முழுமையாக எழுதுவதுதான். பில் போடும்போதே கேட்டு வாங்குங்கள். மாதம் கழித்துக் கேட்டால் எல்லா மருத்துவமனையிலும் உடனே கிடைக்காது.

பெட் இன்சூரன்ஸ் மனித மருத்துவ இன்சூரன்ஸ் போல வேலை செய்வதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அமெரிக்கச் சட்டத்தில் இது சொத்துக் காப்பீட்டு வகையில் வருகிறது. பெரும்பாலான கம்பெனிகளில் முழுப் பணத்தையும் நீங்கள் முதலில் கட்டி, பில்லை அனுப்பி, பிறகு திரும்பப் பெற வேண்டும். ட்ரூபேனியன் போல மருத்துவமனைக்கே நேரடியாகக் கட்டும் ஏற்பாடு சில இடங்களில்தான் உண்டு. ஆகவே பாலிசி இருந்தாலும் அன்றைய தினம் கார்டில் பணம் இருக்க வேண்டும்.

சட்டத்தில் உங்களுக்கு உதவும் சில விஷயங்கள் இருக்கின்றன. மாநிலங்களின் இன்சூரன்ஸ் ஆணையர்கள் சங்கம் 2022-இல் பெட் இன்சூரன்ஸுக்கு ஒரு மாதிரிச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. பல மாநிலங்கள் அதைத் தழுவிச் சட்டம் இயற்றியிருக்கின்றன. அதன்படி நோய்க்கான காத்திருப்புக் காலம் 30 நாளுக்கு மேல் போகக் கூடாது, விபத்துக்குக் காத்திருப்பே கூடாது. முன்பே இருந்த நோய் என்று மறுத்தால் அதை நிரூபிக்க வேண்டியது கம்பெனியின் பொறுப்பு. ஒருமுறை பாலிசிக்குள் வந்த நோயை, புதுப்பிக்கும்போது முன்பே இருந்த நோய் என்று தள்ள முடியாது. பாலிசி வாங்கி 15 நாளுக்குள், க்ளெய்ம் எதுவும் போடாமல் இருந்தால், திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். வெல்னஸ் திட்டத்தை இன்சூரன்ஸ் என்ற பெயரில் விற்கக் கூடாது. உங்கள் மாநிலம் இதில் எவ்வளவை எடுத்துக்கொண்டது என்பதை மாநில இன்சூரன்ஸ் துறையின் தளத்தில் பார்க்கலாம்.

புதுப்பிக்கும்போது தள்ள முடியாது என்ற அந்த விதியின் மறுபக்கம் பலருக்குத் தெரிவதில்லை. அது அதே கம்பெனியில் தொடரும் வரைக்கும்தான். மாதம் பத்து டாலர் மிச்சம் என்று வேறு கம்பெனிக்கு மாறினால், இதுவரை பார்த்த நோய் எல்லாம் புதிய கம்பெனிக்கு முன்பே இருந்தவை. ஈறு நோய் மாதிரி வாழ்நாள் முழுவதும் கூடவே வரும் விஷயத்தில் இது பெரிய இழப்பு. பல்லில் ஒருமுறை க்ளெய்ம் வாங்கிவிட்டால், பிரீமியம் ஏறினாலும் அங்கேயே இருப்பதுதான் பெரும்பாலும் லாபம்.

வெல்னஸ் சேர்க்கை வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். அதைக் காப்பீடாக நினைக்காமல் தவணைக் கட்டணமாக நினையுங்கள். வருடம் முழுவதும் நீங்கள் கட்டுவதையும், சுத்தம், தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை என்று அவர்கள் தரும் உச்சத் தொகைகளையும் ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். பல் சுத்தத்துக்கு 100, 150 டாலர் மட்டும் தரும் திட்டங்கள் நிறைய. சுத்தம் செய்யாத வருடத்தில் அது நஷ்டம். ஆனால் உங்கள் ஷிட்சுவுக்கு ஒரு கோணத்தில் இது உதவலாம்: வெல்னஸில் பொதுவாக முன்பே இருந்த நோய் என்ற தடை கிடையாது. அதே போல பான்ஃபீல்ட் மருத்துவமனைகளில் மாதக் கட்டணத் திட்டம் ஒன்று இருக்கிறது. அதன் உயர்ந்த வகைகளில் வருடம் ஒரு சுத்தம் மயக்க மருந்தோடு சேர்ந்தே வரும். பல் எடுப்பது அதில் சேராது, அதற்குத் தனிக் கட்டணம். பெட் அஷ்யூர் என்பது தள்ளுபடித் திட்டம். அதில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில், அங்கேயே செய்யும் சிகிச்சைகளுக்கு 25 சதவீதம் குறைப்பார்கள், முன்பே இருந்த நோயா என்று பார்க்க மாட்டார்கள். உங்கள் எஸ்டிமேட்டில் கால்பங்கு என்றால் 450 டாலருக்கு மேல். உங்கள் டாக்டர் அதில் இருக்கிறாரா என்று ஒரு போன் செய்து கேளுங்கள்.

ஷிட்சுவைப் பற்றி இன்னும் சொல்கிறேன். இன்சூரன்ஸ் கிடைக்குமா என்று தேடிக்கொண்டு சிகிச்சையைத் தள்ளாதீர்கள். வாய் நாற்றம் வெளியே தெரியும் அளவுக்கு வந்திருக்கிறது என்றால் ஈறுக்கு அடியில் நோய் நடந்துகொண்டிருக்கிறது. ஆறு மாதம் போனால் இரண்டு பல் நான்காகும். சின்ன நாய்களில் கீழ்த்தாடை எலும்பு நோயால் மெலிந்து, பல் எடுக்கும்போதே முறியக்கூடும் என்ற நிலை வரைக்கும் போவதைப் பார்த்திருக்கிறோம். மலிவாக இருக்கிறதே என்று மயக்க மருந்து இல்லாமல் காரையைச் சுரண்டிவிடும் கடைகளுக்குப் போக வேண்டாம். அமெரிக்கக் கால்நடைப் பல் மருத்துவக் கல்லூரி என்ற நிபுணர்கள் அமைப்பு அதை வெளிப்படையாகவே எதிர்க்கிறது. பல் வெள்ளையாகத் தெரியும், ஈறுக்கு அடியில் ஒன்றும் மாறியிருக்காது. இன்சூரன்ஸும் அதற்குப் பணம் தராது, பராமரிப்பு நிபந்தனையை நிறைவேற்றியதாகவும் எடுத்துக்கொள்வது சந்தேகம்.

செலவைக் குறைக்க நியாயமான வழிகள் உண்டு. எஸ்டிமேட்டை வரி வரியாகக் கேளுங்கள். எல்லாப் பல்லுக்கும் எக்ஸ்ரே என்பதை மட்டும் குறைக்கச் சொல்லாதீர்கள், அதுதான் மற்ற முடிவுகளுக்கு அடிப்படை. வேறு ஒரு டாக்டரிடம் இரண்டாவது எஸ்டிமேட் வாங்குவதில் தவறில்லை. ஒரே ஊரில் விலை பெரிதாக வேறுபடும். அருகில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருந்தால் கேட்டுப் பாருங்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகம், கார்னெல், கலிஃபோர்னியாவில் டேவிஸ் ஆகிய இடங்களில் தனிப் பல் பிரிவே இருக்கிறது. விலை எப்போதும் குறைவு என்று சொல்ல முடியாது, சிக்கலான வாய்க்கு நிபுணர் கை கிடைக்கும். கேர்கிரெடிட் போன்ற மருத்துவக் கடன் கார்டில் ஆறு மாதம், பன்னிரண்டு மாதம் வட்டியில்லை என்பார்கள். அந்தக் காலத்துக்குள் முழுவதும் கட்டி முடிக்காவிட்டால் முதல் நாளிலிருந்து வட்டி போடுவார்கள். கட்ட முடியும் என்ற உறுதி இருந்தால் மட்டும் எடுங்கள்.

சிகிச்சை முடிந்ததும், எந்தெந்தப் பல் எடுக்கப்பட்டது, மீதமுள்ள பற்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்ற வரைபடத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாய்க்கு அப்போது இன்சூரன்ஸ் எடுக்கலாமா? எடுக்கலாம், ஆனால் பல்லுக்காக அல்ல. ஈறு நோய் உங்கள் நாய்க்கு வெளியே போய்விட்டது என்று வைத்துக்கொண்டு, முழங்கால் மூட்டு, கண், சிறுநீர்ப்பைக் கல் போன்ற மற்றவற்றுக்காக யோசியுங்கள். குணமான நோயை ஆறு மாதமோ ஒரு வருடமோ அறிகுறி இல்லாமல் இருந்தால் மறுபடி ஏற்றுக்கொள்ளும் கம்பெனிகளும் உண்டு; ஈறு நோயை அந்தப் பட்டியலில் சேர்க்கிறார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாயில் வரும் புற்றுக்கட்டி பெரும்பாலும் பல் கணக்கில் வராது, புற்றுநோய்க் கணக்கில் வரும். அதுவும் மனதில் இருக்கட்டும்.

இனி பூனைக்குட்டி. நான்கு மாதம் என்பது சரியான நேரம். பால்பல் 26-உம் விழுந்து நிரந்தரப் பல் 30-உம் ஆறேழு மாதத்துக்குள் வந்துவிடும். இப்போது குறிப்பில் எதுவும் இருக்காது. பாலிசியைத் தொடங்கி, காத்திருப்புக் காலம் கழிந்தபிறகு அடுத்த பரிசோதனைக்குப் போங்கள். கருத்தடை அறுவை சிகிச்சையின்போது மயக்கத்தில் இருக்கும்போதே வாயையும் முழுவதும் பார்த்துவிடச் சொல்லுங்கள். விழாத பால்பல் இருந்தால் அப்போதே எடுத்துவிடலாம், இன்னொரு மயக்க மருந்துச் செலவு மிச்சம்.

பூனைக்குப் பாலிசி பார்க்கும்போது இரண்டு நோய்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஒன்று பல் கரைதல். பல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். வயதாக ஆக மிகப் பரவலாக வரும், தொட்டால் துடிக்கும் அளவுக்கு வலிக்கும், எக்ஸ்ரேயில்தான் முழுமையாகத் தெரியும். பல்லை எடுப்பதுதான் தீர்வு. இன்னொன்று வாய் முழுக்கப் புண்ணாகும் நாள்பட்ட வாயழற்சி. பூனையின் உடல் எதிர்ப்பு மிகையாகக் கிளம்புவதால் வருவது. பின்பற்கள் எல்லாவற்றையும், சில சமயம் மொத்தப் பல்லையும் எடுக்க வேண்டிவரும். அதன்பிறகும் சிலவற்றுக்கு மருந்து தொடரும். பல்லே இல்லாமல் பூனை நன்றாகச் சாப்பிடும், அதில் பயம் வேண்டாம். செலவுதான் பல ஆயிரம் டாலருக்குப் போகும். பல் நோய்க்கு 1,000 டாலர் வரம்பு உள்ள பாலிசி இங்கே பாதிவழியில் நின்றுவிடும். ஃபெட்ச் கம்பெனி எல்லா நிரந்தரப் பல்லையும் சேர்ப்பதாகச் சொல்லி விற்கிறது. எம்ப்ரேஸ் பல் நோய்க்கு வருட வரம்பு வைத்திருக்கிறது. இப்படி ஒவ்வொன்றையும் அதன் மாதிரிப் பாலிசிப் பத்திரத்தை இறக்கி, பல் என்ற பகுதியையும் விலக்குகள் பகுதியையும் மட்டுமாவது முழுவதும் படியுங்கள். விதிகளை வருடா வருடம் மாற்றுவார்கள், ஆகவே நண்பர் சொன்னதையோ நான் சொன்னதையோ வைத்து வாங்க வேண்டாம்.

வீட்டில் பல் தேய்ப்பதை இரண்டுக்கும் தொடங்குங்கள். பூனைக்குட்டிக்கு இந்த வயதில் பழக்கினால் வாழ்நாளுக்கும் ஒத்துழைக்கும். மனிதர்கள் பயன்படுத்தும் பேஸ்ட் கூடாது, சிலவற்றில் இருக்கும் சைலிட்டால் நாய்க்கு விஷம். பல்லுக்கு நல்லது என்று விற்கும் தீனிகளில் கால்நடை வாய்நலக் குழுவின் (VOHC) முத்திரை உள்ளதைப் பார்த்து வாங்குங்கள்.

கம்பெனியை முடிவு செய்வதற்கு முன் போனில் பேசுவதோடு நிறுத்தாமல் மின்னஞ்சலில் கேளுங்கள். கடித்து உடைந்த பல் விபத்தில் சேருமா, ரூட் கேனல் உண்டா, பல் நோய்க்குத் தனி வரம்பு எவ்வளவு, பல் எடுக்கும்போது மயக்க மருந்தும் எக்ஸ்ரேயும் முழுவதும் கணக்கில் வருமா, வருடப் பரிசோதனையைத் தவறவிட்டால் என்ன ஆகும். பதிலைச் சேமித்து வையுங்கள். பெரிய சிகிச்சைக்கு முன்பு எஸ்டிமேட்டை அனுப்பி முன் அனுமதி கேட்கும் வசதி பல கம்பெனிகளில் உண்டு. பல்லுக்குக் கட்டாயம் அதைச் செய்யுங்கள். அப்படியும் பின்னால் மறுப்புக் கடிதம் வந்தால் அதில் எந்த விதியைச் சொல்லியிருக்கிறார்கள் என்று பாருங்கள். எக்ஸ்ரே, பல் வரைபடம், டாக்டரின் கடிதம் மூன்றையும் வைத்து மேல்முறையீடு செய்யுங்கள். டாக்டரின் கடிதத்தில் பழைய குறிப்பில் இருந்தது எந்தப் பல், இப்போது சிகிச்சை செய்தது எந்தப் பல் என்பது எண்ணோடு இருக்க வேண்டும். அதற்கும் மசியவில்லை என்றால் மாநில இன்சூரன்ஸ் துறையில் இணையத்திலேயே புகார் கொடுக்கலாம். அதற்குக் கட்டணம் கிடையாது, கம்பெனி எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.